பழமைவாதத்தின் வலைப்பின்னல்: எழுமலையிலிருந்து சில குறிப்புகள்

எழுமலையில் நண்பர்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடிப் பேசுவது வழக்கம். பெரிய அமைப்பெல்லாம் இல்லை. பள்ளி ஆசிரியர்கள் இரண்டு பேர், விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர் ஒருவர், உசிலம்பட்டியிலிருந்து பஸ் பிடித்து வரும் இளைஞர்கள் நாலைந்து பேர், நான். கடந்த கூட்டத்தில் ஓர் இளைஞர் கேட்டார்: "வலதுசாரிங்க தங்களுக்குள்ள எவ்வளவு முரண்பாடு இருந்தாலும் சட்டுனு ஒண்ணு சேந்துர்றாங்க. நாம மட்டும் ஏண்ணே ஒரு துண்டறிக்கைக்கே மூணு நாள் சண்டை போடுறோம்?" சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு யாரிடமும் பதில் இல்லை.

நம்மிடம் வழக்கமாக இரண்டு பதில்கள் இருக்கும். ஒன்று, அவர்களிடம் பணம் இருக்கிறது. மற்றது, அவர்களுடையது ஒரே வர்க்க நலன். இரண்டுமே பொய்யில்லை. ஆனால் இரண்டுமே விளக்கத்தைத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடுகின்றன. பணம் வைத்திருப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் சண்டை போடாமலா இருக்கிறார்கள்? ஜமீன்தாருக்கும் மில் முதலாளிக்கும், சனாதனிக்கும் தாராளவாதிக்கும் நலன் ஒன்று என்று எந்த ஏட்டில் எழுதியிருக்கிறது? அந்த 'ஒன்று' உருவாக்கப்பட்டாக வேண்டும். யாரோ கடிதம் எழுதியாக வேண்டும், யாரோ மேடை போட்டாக வேண்டும், எதையோ பேசாமல் விடுவதென்று ஒப்புக்கொண்டாக வேண்டும். இந்த வேலையைத்தான் வலைப்பின்னல் என்கிறேன்.

அது எப்படி நடக்கிறது என்பதை நம் மண்ணும் கலந்திருக்கிற ஒரு பழைய உதாரணத்தை வைத்துப் பார்க்கலாம்: சுதந்திராக் கட்சி. செத்துப்போன கட்சியைத் தோண்டுவானேன் என்று கேட்பீர்கள். தோண்டுவதற்குக் காரணம் இருக்கிறது. எங்களுக்குப் பக்கத்துச் சேடபட்டித் தொகுதி 1967இலும் 1971இலும் அந்தக் கட்சியின் வேட்பாளரைத்தான் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. மகாராஜாக்களும் கம்பெனி நிர்வாகிகளும் ஓய்வுபெற்ற ஐ.சி.எஸ்.காரர்களும் கூடிய கட்சி, கிணறு வற்றிக் கிடக்கும் மானாவாரிக் காட்டில் எப்படி ஓட்டு வாங்கியது? கேள்வி இதுதான்.

1

முதலில் மேலே இருந்தவர்களைப் பார்ப்போம். 1959 ஜனவரியில் காங்கிரஸ் நாகபுரியில் கூடி, நில உச்சவரம்பு, கூட்டுறவுப் பண்ணை விவசாயம் ஆகியவற்றை வலியுறுத்தித் தீர்மானம் போட்டது. அதே ஆண்டு ஜூன் 4 அன்று சென்னையில் புதிய கட்சி அறிவிக்கப்பட்டது. ஆகஸ்டில் பம்பாயில் மாநாடு. அஞ்சு மாசத்தில் அகில இந்தியக் கட்சி! கட்சியின் உந்துசக்தியான ராஜாஜிக்கு அப்போது வயது 80.

சுற்றி நின்றவர்களின் பட்டியலைக் கொஞ்சம் நிதானமாக வாசிக்க வேண்டும். மினு மசானி: 1934இல் காங்கிரஸ் சோஷலிஸ்டுக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர், பிறகு பல ஆண்டுகள் டாட்டா நிறுவனத்தில் உயர் பதவியில் இருந்தவர். என்.ஜி. ரங்கா: ஆந்திர விவசாயிகளின் தலைவர், 1936இல் உருவான அகில இந்திய விவசாயிகள் சபையின் முன்னோடி, இந்தக் கட்சிக்கு முதல் தலைவர். கே.எம். முன்ஷி: இந்தியை ஆட்சிமொழியாக்கிய சமரசத் திட்டத்துக்கே தன் பெயரைக் கொடுத்தவர், சோமநாதர் கோயிலைத் திரும்பக் கட்டுவதில் முன்னின்றவர். அவருக்குப் பக்கத்தில், 1958க்குள் இந்தித் திணிப்பின் கடும் எதிர்ப்பாளராக மாறிவிட்ட ராஜாஜி. வி.பி. மேனன்: பட்டேலோடு சேர்ந்து சமஸ்தானங்களை இந்தியாவோடு இணைத்த அதிகாரி. கொஞ்ச காலத்தில் அதே கட்சிக்குள் ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி வருகிறார், ராம்கர் ராஜா வருகிறார், ஒரிசாவில் பழைய சமஸ்தானாதிபதிகளின் கணதந்திர பரிஷத் முழுக்கட்சியாகவே வந்து கலக்கிறது. சமஸ்தானங்களைக் கரைத்தவரும் சமஸ்தானம் கரைந்துபோனவர்களும் ஒரே பந்தியில்.

இவர்களை இணைத்தது கொள்கை என்று சொன்னால் எது கொள்கை என்று கேட்க வேண்டியிருக்கும். மொழியில் ஒற்றுமை இல்லை. மதத்தின் இடம் பற்றி ஒற்றுமை இல்லை. சந்தை பற்றிக்கூட, மசானி பேசியதும் ஒரு ராஜா புரிந்துகொண்டதும் ஒன்றாக இருந்திருக்க வாய்ப்பில்லை.

2

பின்னல் எங்கே விழுந்தது? மூன்று இழைகள் தெரிகின்றன.

முதல் இழை, கட்சிக்கு முன்பே ஓடிக்கொண்டிருந்த பண்பாட்டு இழை. முன்ஷி 1938இல் தொடங்கிய பாரதிய வித்யா பவன் 1951இல் தன் நூல் வரிசையை ஆரம்பித்தபோது முதல் புத்தகமாக வந்தது ராஜாஜியின் ஆங்கில மகாபாரதம். கட்சி வர இன்னும் எட்டு ஆண்டுகள் இருக்கின்றன. தமிழில் 'கல்கி' பத்திரிகை வழியாக அவருடைய ராமாயணம் வீடுவீடாகப் போயிருந்தது; 'சக்கரவர்த்தித் திருமகன்' 1958இல் சாகித்ய அகாதமி பரிசும் பெற்றது. 1956இல் சென்னையிலிருந்து 'ஸ்வராஜ்யா' ஆங்கில வார இதழ் கிளம்பியது. அதே 1956இல் பம்பாயில் ஏ.டி. ஷ்ராஃப் சுதந்திரத் தொழில் மன்றத்தைத் தொடங்கினார். ஆக, கட்சி பிறப்பதற்கு முன்பே ஒருவரை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார்கள், அச்சடித்துக்கொண்டிருந்தார்கள், மேடைக்கு அழைத்துக்கொண்டிருந்தார்கள். இது நம் நாட்டுக்கு மட்டுமான கதையும் அல்ல. அமெரிக்காவில் வில்லியம் பக்லி 1955இல் 'நேஷனல் ரிவ்யூ' இதழைத் தொடங்கி, சந்தைவாதிகளையும் மரபுவாதிகளையும் கம்யூனிச எதிர்ப்பாளர்களையும் ஒரே அட்டைக்குள் கொண்டுவந்தார். தேர்தல் களத்தில் அதன் பலன் 1964இல் கோல்ட்வாட்டர் வேட்பாளரானபோதுதான் தெரிந்தது. பத்திரிகை நடத்தும் நாம் இதைக் கவனிக்க வேண்டும். பத்திரிகையை நாம் கருத்துச் சொல்லும் இடமாக மட்டுமே நினைக்கிறோம். அவர்கள் அதை ஆட்கள் சந்திக்கும் திண்ணையாகப் பயன்படுத்தினார்கள்.

இரண்டாவது இழை, பொது எதிரி. பர்மிட்-லைசென்ஸ் ராஜ்யம் என்ற சொற்றொடரைப் புழக்கத்தில் விட்டவர் ராஜாஜி. சாமர்த்தியமான சொல் அது. மில் முதலாளிக்கு அது லைசென்ஸ், நிலப்பிரபுவுக்கு உச்சவரம்பு, மகாராஜாவுக்குப் பறிபோன கௌரவம், சாதாரண விவசாயிக்குத் தாலுகா ஆபீஸ் வாசலில் கால்கடுக்க நின்ற அனுபவம். நான்கு வேறு வேறு கோபங்கள் ஒரே சொல்லுக்குள் குடியிருக்க முடிந்தது. தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றவனின் கோபம் பொய்யில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்தக் கோபத்துக்கு நாம் பெயர் வைக்கவில்லை, அவர்கள் வைத்தார்கள்.

மூன்றாவது இழைதான் முக்கியமானது. கட்சி 21 அடிப்படைக் கோட்பாடுகளை வெளியிட்டது. கடைசிக் கோட்பாடு இப்படிப் போகிறது: மேலே சொன்னவற்றுக்கு வெளியே உள்ள எல்லா விஷயங்களிலும் உறுப்பினர்களுக்கு முழுக் கருத்துச் சுதந்திரம் உண்டு. பார்த்தால் ஜனநாயகத்தின் உச்சம். ஆனால் இந்தப் பிரதியை அதன் மௌனத்திலிருந்து வாசித்துப் பாருங்கள். மொழி வெளியே நிற்கிறது. இடத்துக்கு இடம் சாதி எப்படி நடக்கிறது என்பதும் வெளியே நிற்கிறது. உன் ஊரில் நீ என்ன செய்கிறாய் என்று நான் கேட்கமாட்டேன், என் ஊரில் நான் செய்வதை நீ கேட்காதே. தலைவர்களுக்கிடையே நடந்த ஒப்பந்தம் இதுதான். கருத்தொற்றுமை இவர்களைக் கட்டவில்லை. பரஸ்பரம் கேள்வி கேட்காமல் இருப்பது கட்டியது. அந்த மௌனத்தை எழுத்தில் போட்டு, அதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைத்தார்கள்.

பணமும் வந்தது. 1961இல் ஜே.ஆர்.டி. டாட்டா, காங்கிரசுக்குக் கொடுப்பதோடு சுதந்திராவுக்கும் கொடுக்கப்போவதாக நேருவுக்கே எழுதித் தெரிவித்தார். ஒளிவுமறைவு இல்லை. ஆனால் பணம் மூன்று இழைகளும் பின்னப்பட்ட பிறகு வந்தது. பின்னலை அது உண்டாக்கவில்லை.

3

இனி மதுரைக்கு வருவோம். இங்கே நான் என் இடத்தைச் சொல்லிவிட வேண்டும். நான் பிறமலைக் கள்ளர் குடும்பத்தில் பிறந்தவன். என் சீயான் ரேகைச் சட்டத்தில் ரேகை வைத்தவர், ராத்திரிச் சீட்டு வாங்கியவர். 1920 ஏப்ரல் 3 அன்று அந்தச் சட்டத்தை எதிர்த்த பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச்சூடு நடந்து, மாயக்காள் உட்பட 16 பேர் செத்தார்கள். அந்த ஊர் எங்களுக்கு ரொம்பப் பக்கம். எங்கள் வீடுகளில் அது வரலாறாக இல்லை, வீட்டுச் சாவாகவே இருந்தது.

1937இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் ஆட்சி வந்தபோது ரேகைச் சட்டம் போய்விடும் என்று முத்துராமலிங்கத் தேவர் எதிர்பார்த்தார். போகவில்லை. 1947இல்தான் போனது. 1939இல் காங்கிரசுக்குள் சுபாஷ் போசுக்கு எதிரணியில் நின்றவர் ராஜாஜி. போஸ் பின்னால் போனவர் தேவர். சோஷலிசம் பேசிய பார்வர்டு பிளாக் அப்படிப் பிறந்தது. இந்த இரண்டு பேரும் ஒரே பக்கம் நிற்பார்கள் என்று 1940களில் யாராவது சொல்லியிருந்தால் ஊரே சிரித்திருக்கும்.

ஆனால் 1954 ஏப்ரலில், குலக்கல்வித் திட்டம் என்று பெயர்பெற்ற அந்தக் கல்வித் திட்டத்தின் எதிர்ப்பில் ராஜாஜி பதவி இழந்து காமராஜர் முதல்வரானார். ராஜாஜியின் ஆதரவாளர்கள் காங்கிரஸ் சீர்திருத்தக் கமிட்டியாகப் பிரிந்தார்கள். தேவர் ஏற்கெனவே காமராஜரின் காங்கிரசுக்கு எதிரி. இரண்டு எதிர்ப்புகளும் தேர்தலில் சந்தித்தன.

1957 செப்டம்பரை நாள்வாரியாகப் பார்க்க வேண்டும். 11ஆம் தேதி பரமக்குடியில் தியாகி இம்மானுவேல் சேகரன் படுகொலை செய்யப்பட்டார். 14ஆம் தேதி கீழத்தூவலில் போலீஸ் ஐந்து மறவர்களைச் சுட்டுக் கொன்றது. முதுகுளத்தூர் வட்டாரம் எரிந்துகொண்டிருந்தது. 28ஆம் தேதி மதுரையில் சீர்திருத்தக் கமிட்டியின் மாநில மாநாடு. தொடக்க உரை முத்துராமலிங்கத் தேவர். உரை முடிந்த சில மணி நேரத்தில் அவர் கைது செய்யப்பட்டார். அந்த மாநாட்டில் கமிட்டி, இந்திய தேசிய ஜனநாயகக் காங்கிரஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1959இல் கொலை வழக்கிலிருந்து தேவர் விடுதலையானார். அதே ஆண்டு மதுரை நகராட்சித் தேர்தலில் பார்வர்டு பிளாக், ஜனநாயகக் காங்கிரஸ், தி.மு.க., கம்யூனிஸ்டுக் கட்சி சேர்ந்து காங்கிரசைத் தோற்கடித்தன. ஜனநாயகக் காங்கிரஸ் சுதந்திராவில் கரைந்தது. 1962 பொதுத்தேர்தலில் பார்வர்டு பிளாக்கும் சுதந்திராவும் கூட்டு.

வழக்கில் நீதிமன்றம் சொன்னதை நான் திரும்ப விசாரிக்க வரவில்லை. என் கேள்வி வேறு. இம்மானுவேல் சேகரன் கொலைக்கும் மதுரை மாநாட்டுக்கும் இடையே 17 நாள். தென் மாவட்டங்களில் தாழ்த்தப்பட்டவர்கள் எப்படி உயிரோடு இருப்பது என்பது அன்றைய முதல் கேள்வி. அந்தக் கேள்வி இந்தக் கூட்டணியை அசைக்கவில்லை. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாதய்யர் அரிஜனங்களையும் நாடாரையும் அழைத்துப்போனபோது பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது ராஜாஜியின் அரசு. ஆலயப் பிரவேசத்துக்குத் தேவரும் துணை நின்றார். 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்து மிராசுதார்களின் எரிச்சலைச் சம்பாதித்ததும் ராஜாஜிதான். ஆகவே இவர்கள் தனித்தனியாக ஒன்றும் செய்யாதவர்கள் என்று எழுதுவது அயோக்கியத்தனம். தனித்தனியாகச் செய்ததைச் சேர்ந்து செய்ய முடியாமல் போனது என்பதே கவனிக்க வேண்டியது. வலைப்பின்னலுக்குள் வந்ததும், எது யாரையும் சங்கடப்படுத்தாதோ அது மட்டுமே மிஞ்சுகிறது.

4

சேடபட்டிப் பக்கம் கிராமத்தில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. 1967இல்தான் முதல் ஓட்டு. போய்க் கேட்டேன்.

"நமக்கு எப்பவும் சிங்கந்தேன்ப்பா. ஆனா அந்தத் தடவ நட்சத்திரத்துல குத்தச் சொல்லி பெரியாளுக சொல்லிவிட்டாக. ஊர்க்கூட்டத்துல பேசி முடிச்சாச்சு. குத்துனோம்."

"ராஜாஜி கட்சின்னு தெரியுமா பெரியப்பா?"

"தெரியும். அதுக்கு என்ன? காங்கிரசத் தோக்கடிக்கணும். நம்ம ஆளு நிக்கிறாரு. வேற என்ன வேணும்?"

அதே ஊர்க் காலனியில் அவர் வயசுக்காரர் ஒருவர் இருக்கிறார். எங்கள் குடும்பத்துக் காட்டில் வேலை பார்த்தவர். அவரிடமும் கேட்டேன். என்னைத் 'தம்பி' என்றார். என் சீயானை அவருடைய அப்பா முறை சொல்லிக் கூப்பிட்டிருக்க முடியாது.

"எங்க தெருவுக்கு ராசாசியும் வரல, வேற யாரும் வரல தம்பி. ஒங்க பெரியப்பா வீட்டு ஆளுகதேன் வந்தாக. 'நாளைக்கு வேலைக்கு வரணும்ல, நட்சத்திரத்துல போட்டுரு'ன்னாக. போட்டோம்."

இரண்டு பதில்களையும் அருகருகே வைத்தால் வலைப்பின்னலின் அடிப்பக்கம் தெரிகிறது. சுதந்திராவுக்கு எங்கள் பக்கம் கிளை வேண்டியிருக்கவில்லை, ஊழியர் வேண்டியிருக்கவில்லை. ஊர்க்கூட்டம் கிளையாக இருந்தது. சாதித் தலைமை ஊழியராக இருந்தது. கூலி கொடுப்பவனின் குரல் பிரச்சாரமாக இருந்தது. ஜெய்ப்பூரில் அரண்மனை செய்த வேலையை இங்கே சாவடி செய்தது. கட்சி ஆளைப் பிடித்தது, ஆள் ஊரைக் கொண்டுவந்தார்.

கிராம்ஸி 1926இல் எழுதி முடிக்காமல் விட்ட தெற்கு இத்தாலி பற்றிய கட்டுரையில் இதைத்தான் விளக்க முயல்கிறார். வடக்கின் ஆலை முதலாளிக்கும் தெற்கின் நிலப்பிரபுவுக்கும் உறவு நேராக ஏற்படுவதில்லை. நடுவே ஊர் வக்கீல், பாதிரியார், குமாஸ்தா, அவர்களுக்கு மேலே பெரிய அறிவாளிகள் என்று ஓர் அடுக்கு. வறண்ட நிலத்து விவசாயியின் நியாயமான கசப்பை வாங்கி மேலே கொடுப்பது அந்த அடுக்குதான். நம் ஊரில் அந்த அடுக்கில் சாதி உட்கார்ந்திருக்கிறது. ரேகைச் சட்டத்தின் காயம் உண்மை. அந்தக் காயத்தை ஆற்ற எந்தத் திட்டமும் இல்லாத கட்சிக்கு அதை ஓட்டாக மாற்றிக் கொடுக்க முடிந்ததற்குக் காரணம் இந்த நடு அடுக்கு. சொத்துரிமை கோஷத்தால் என் பெரியப்பாவின் நாலு குறுக்கம் காட்டுக்கு வந்த லாபம் ஒன்றுமில்லை. 1961இன் உச்சவரம்புச் சட்டம் 30 தர ஏக்கர் வரை விட்டிருந்தது. அதைத் தொடும் தூரத்தில் எங்கள் தெருவில் எவரும் இல்லை. யாருக்கோ இருந்த நிலத்தைக் காக்க நிலமில்லாதவரும் ஓட்டுப் போட்டார்கள்.

5

வலை எப்படிக் கிழிந்தது? மக்களவையில் 1962இல் 18, 1967இல் 44, 1971இல் வெறும் 8. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 6, 20, மறுபடி 6. 1972 டிசம்பர் 25 அன்று ராஜாஜி இறந்தார். 1974இல் கட்சி பாரதிய லோக்தளத்தில் கலந்தது. ஆளைப் பிடித்துக் கட்டிய கட்சி, ஆள் போனதும் போனது. கீழே தனக்கென்று எதையும் கட்டாததன் விலை அது.

ஆனால் கட்சி செத்ததைப் பின்னல் அறுந்ததாக நினைத்தது நம் பிழை. லைசென்ஸ் ராஜ்யம் என்ற சொல் 1991இல் ஆட்சியாளர்களின் பொதுப்புத்தியாகத் திரும்பி வந்தது. 1954இல் எதிரெதிரே நின்ற ராஜாஜியும் காமராஜரும் 1971இல் ஒரே அணி. அதே தேர்தலில் டில்லி மட்டத்தில் சுதந்திராவும் ஜனசங்கமும் ஒரே கூட்டணியில் இருந்தன. கிளைகளைக் கீழிருந்து கட்டிய மரபும், தலைவர்களை மேலிருந்து இணைத்த மரபும் அங்கே கைகோத்தன. இன்றைய வலதுசாரிக்கு இரண்டும் தெரியும். கிளையும் கட்டுகிறது, ஊர் ஊராகச் சாதித் தலைமைகளையும் அள்ளுகிறது. இளைஞர் கேட்ட 'சட்டுனு' என்பதற்குப் பின்னால் இவ்வளவு நீண்ட உழைப்பு இருக்கிறது.

இனி நம் பக்கம். 1959 மதுரையில் கம்யூனிஸ்டுகளும் அந்த அணியில் இருந்தார்கள். 1967இல் தி.மு.க. அணியில் சுதந்திராவுக்கு 20, மார்க்சிஸ்டுகளுக்கு 11. கூட்டணியே கூடாது என்று சொல்லும் சுத்தவாதி அல்ல நான். காங்கிரசின் ஏகபோகம் உடைய வேண்டியிருந்தது, உடைந்தது. ஆனால் அந்த 21ஆவது கோட்பாடு அவர்களுடைய ஏட்டில் மட்டும்தான் இருந்ததா? நம் கூட்டுமேடைகளில் எழுதப்படாமல் அது உட்கார்ந்திருக்கவில்லையா? 'இப்ப சாதியப் பேசுனா ஒற்றுமை கெட்டுரும் தோழர்' என்று நாம் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம், எத்தனை தடவை சொல்லியிருக்கிறோம்?

துண்டறிக்கைக்கு மூன்று நாள் சண்டை போடுவது நம் பலவீனம் என்று அந்த இளைஞர் நினைக்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சண்டை எதைப் பற்றி என்பதைப் பொறுத்தது. யார் பெயர் முதலில் வருவது என்ற சண்டை என்றால் நிறுத்திவிடலாம். காலனிக்காரர்களின் கோரிக்கையை முதல் பத்தியில் போடுவதா கடைசியில் போடுவதா என்ற சண்டை என்றால் நாலாவது நாளும் போடலாம். மௌனத்தால் கட்டிய ஒற்றுமை சீக்கிரம் சேரும். அதில் யார் குரல் கழிக்கப்பட்டது என்பது பிறகு யாருக்கும் நினைவிருக்காது.

அடுத்த மாதக் கூட்டத்தைக் காலனிச் சாவடியில் நடத்தலாமா என்று கேட்டேன். ஆசிரியர் நண்பர் தயங்கினார்: "எங்க தெரு ஆளுக வரமாட்டாகளே." வராவிட்டால் ஏன் வரவில்லை என்பதையே பேசலாம் என்றேன். இன்னும் முடிவாகவில்லை. அந்தப் பெரியவரிடம் விஷயத்தைச் சொன்னபோது, "வாங்க தம்பி. பாய் விரிச்சு வைக்கிறேன். எத்தனை பேரு உக்காருறாகன்னு பாப்போம்" என்றார்.